முதுகுப் பக்கம்

என் ஸ்கேன் மெஷின் வீட்டுக்காவலில் இருக்கிறது. நன்னிலம் கடைத்தெருவை ஒட்டிய என் சின்ன ஆஸ்பத்திரியின் உள்ளறையில் அது நிற்கிறது. அதன் நம்பர், அது நிற்கும் அறை, அதைத் தொட உரிமையுள்ள ஒரே ஆளான என் பெயர், எல்லாம் அரசாங்கத்தில் பதிவாகியிருக்கின்றன. வாசற்படியைத் தாண்டி எடுத்துப்போனால் என் மேல் வழக்கு வரும். சுவரில் பெரிய எழுத்தில் பலகை: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது. நான் பிரசவ டாக்டர். இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த அறையில் நான் பார்த்ததெல்லாம் வயிறுதான்.

அங்கே எனக்கும் எங்கள் சிஸ்டருக்கும் ஒரு பழக்கம் உண்டு. பேசி வைத்துக்கொண்டது இல்லை, தானாக வந்தது. எல்லாம் சரியாக இருந்தால் நான் வாய் ஓயாமல் பேசுவேன். "இது தலை, இது முதுகெலும்பு, பாரு எப்படிக் காலை உதைக்குது, அப்பா மாதிரி அடங்காததா வரும் போலிருக்கு." ஏதாவது சரியில்லை என்றால் என் பேச்சு நின்றுவிடும். நின்றது எனக்கே தெரியாது. சிஸ்டருக்குத் தெரியும். படுத்திருக்கும் பெண்ணின் காலின் மேல் அவர் கை போய் உட்கார்ந்திருக்கும். நான் திரும்பும்போது அந்தக் கையைப் பார்த்துத்தான், பேச்சை நிறுத்தி எவ்வளவு நேரமாகிறது என்று எனக்கு உறைக்கும்.

சிஸ்டர் என்பது நாங்கள் வைத்த பட்டம். அவர் நர்சிங் படித்தவர் அல்ல. கோடியக்கரைப் பக்கம் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த மறு வருஷம், இனிமேல் கடலோரமே வேண்டாம் என்று கணவரையும் மகளையும் இழுத்துக்கொண்டு நன்னிலம் வந்து, என்னிடம் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பதினாறு வருஷத்தில் ஊசி போடுவதைத் தவிர எல்லாம் கற்றுக்கொண்டார். அவர் கணவர் படகை விட்டாலும் மீனை விடவில்லை. விடியலில் நாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் போய் மீன் வாங்கி, ஐஸ் பெட்டியை மொபெட்டில் கட்டி, எங்கள் தெருக்களில் விற்பார். மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள்.

அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் பிள்ளை சிங்கப்பூரிலோ மஸ்கட்டிலோ துபாயிலோ இருக்கும். நான் படித்துவிட்டு ஊர் திரும்பிய தொண்ணூறுகளில்தான் கடைத்தெருவில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் கடைகள் வரிசையாகத் திறந்தன. இப்போது தெருவுக்குத் தெரு டைல்ஸ் பதித்த மாடிவீடு, உள்ளே வயதான இரண்டு பேர், சில வீட்டில் ஒருவர் மட்டும். என் ஆஸ்பத்திரி நோட்டில் நோயாளியின் போன் நம்பர் எழுதும் கட்டத்தில் பாதிக்கு மேல் வெளிநாட்டு நம்பர்கள். "எனக்குப் போன்ல ஒண்ணும் புரியாது டாக்டர், பையன் நம்பரே எழுதிக்குங்க" என்பார்கள். குடவாசலில் இருக்கிறவரைக் கூப்பிட நாங்கள் மஸ்கட்டுக்குப் போன் போட வேண்டும்.

என் வகுப்பிலும் பாதிப் பேர் போய்விட்டார்கள். நான் போகவில்லை. தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இந்த ஊரை அதட்டி உருட்டிப் பழகிவிட்டேன், வேறு ஊரில் என் வாய்க்கு யாரும் அடங்கமாட்டார்கள், அவ்வளவுதான். போனவர்களில் ஒருத்தி இங்கிலாந்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். கொரோனா இரண்டாவது முறை வந்த கோடையில் அவள்தான் போன் செய்தாள்.

"ஏண்டி, உன்கிட்ட ஸ்கேன் மெஷின் இருக்குல்ல. நெஞ்சுல வச்சுப் பாரேன்."

"நுரையீரல்ல இருக்கிறது காத்துடி. காத்துக்குள்ள ஸ்கேன் போகாதுன்னு ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்துதானே படிச்சோம்?"

"படிச்சோம். நல்ல நுரையீரலுக்கு அது சரி. உள்ளே நீர் கோத்துக்கிட்டா தெரியும். நாங்க இங்க தினம் பாக்கறோம்."

எனக்கு அப்போது அது தேவைப்பட்டது. காய்ச்சலும் இருமலுமாக என் வாசலில் ஜனம் நின்றது. நெஞ்சை சிடி எடுக்கத் திருவாரூர் போக வேண்டும், இல்லையென்றால் தஞ்சாவூர். இரண்டு இடத்திலும் வரிசை. யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று பிரித்துப் பார்க்க என்னிடம் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் ஸ்டெதஸ்கோப்பும்தான் இருந்தன. அவள் வீடியோக்கள் அனுப்பினாள், படங்கள் அனுப்பினாள், நான் பார்த்ததை போனில் பிடித்து அனுப்பச் சொல்லித் திருத்தினாள். மொத்தம் பன்னிரண்டு இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். முன்னால் நான்கு, விலாப் பக்கம் நான்கு, முதுகில் நான்கு. அதை ஒரு தாளில் படம் போட்டு மெஷின் மேல் ஒட்டினேன். ஒட்டியவள் நான்தான்.

திரையில் நல்ல நுரையீரல் ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருக்கும். விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு, மூச்சுக்கு மூச்சு நகர்ந்துகொண்டிருக்கும். அதற்குக் கீழே அதே கோடு படிக்கட்டு மாதிரி மங்கி மங்கி இறங்கும். வைரஸ் நிமோனியா வந்துவிட்டால் படிக்கட்டு அழிந்துவிடும். அந்த வெள்ளைக் கோட்டிலிருந்து திரையின் அடிவரைக்கும் நெட்டுக்கு நெட்டு வெள்ளைக் கீற்றுகள் விழும். ஓட்டு வீட்டில் ஓடு விலகிய இடத்தில் வெயில் இறங்குமே, அப்படி. நோய் முற்ற முற்றக் கீற்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வெள்ளைப் படுதாவாகிவிடும், மேல்கோடும் பிய்ந்துபோகும். முதல் தடவை ஒரு லாரி டிரைவரின் நெஞ்சில் அதைப் பார்த்தேன். அன்றே திருவாரூருக்கு அனுப்பினேன். பிழைத்தார். அதோடு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆண்களுக்கு அந்த அறை வெட்கமாக இருந்தது. மீசை வைத்த பெரிய மனிதர்கள், குண்டுக் குழந்தைகளின் படம் ஒட்டிய சுவரைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைத்தாச்சிகள் படுக்கும் கட்டிலில் சட்டையைத் தூக்கிவிட்டுப் படுத்தார்கள். சிஸ்டருக்குப் பழக்கதோஷம். நோட்டை எடுத்ததும் வாய் தானாகக் கேட்டுவிடும். குடவாசல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம், முகக்கவசத்துக்குள்ளிருந்து, "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?" என்று கேட்டுவிட்டார். மாதக்கணக்குப் பார்க்கப் பெண்களிடம் கேட்கிற கேள்வி. வாத்தியார் கொஞ்சம் யோசித்து, "போன சனிக்கிழமைங்க. எண்ணெய் தேச்சு. அதுக்கப்புறம் காய்ச்சல் வந்துடுச்சு" என்றார். நான் சிரித்த சிரிப்பில் என் கண்ணாடி முழுக்க ஆவி. என்ன விஷயம் என்று தெரிந்ததும் அவரும் சிரித்தார், இருமிக்கொண்டே.

மனைவி இல்லாதவர் அவர். தனி வீடு. ஒரே மகன் மஸ்கட்டில். நான் ஸ்கேன் முடித்து, "சுத்தமா இருக்கு சார்" என்றதும், போனை எடுத்து மகனைக் கூப்பிட்டு என் பக்கம் நீட்டினார். "நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான்." நான் சொன்னேன். "அப்பாவுக்கு நுரையீரல் சுத்தமா இருக்கு தம்பி. கவலைப்படாதீங்க." அந்தப் பக்கம் மூச்சை விடும் சத்தம் கேட்டது. எனக்கு நிறைவாக இருந்தது. நெஞ்சைப் பார்க்கத் தொடங்கிய முதல் மூன்று வாரத்தில் இப்படி எத்தனையோ மகன்களிடமும் மகள்களிடமும் பேசினேன். ஊர் முழுக்க என்னைப் பற்றித்தான் பேச்சு என்று சிஸ்டர் சொல்வார். நான் அதட்டுவேன். உள்ளுக்குள் பிடித்திருந்தது.

இரண்டாவது வாரக் கடைசியில் சிஸ்டரின் கணவருக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் அழைத்துவந்தார். தெருவுக்கே கேட்கிற குரலில் மீன் கூவுகிற மனிதர் அன்றைக்கு அடங்கிப்போயிருந்தார். விரலில் கருவியை மாட்டினேன், தொண்ணூற்றாறு காட்டியது. கட்டிலில் மல்லாக்கப் படுத்தார். சட்டையை மார்வரைக்கும் தூக்கிக்கொண்டார். நான் வழக்கம்போல வலது பக்கம் உட்கார்ந்து வைத்துப் பார்த்தேன். படிக்கட்டு படிக்கட்டாக அருமையான நுரையீரல். கடல்காற்றைக் குடித்து வளர்ந்த நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன். வாய் ஓயாமல் பேசினேன். "கருவாடு மாதிரி இருக்கீங்க, ஆனா உள்ளே ஜோரா இருக்கு. சுத்தமா இருக்கு. வீட்டுலயே இருங்க, மாத்திரை போதும்." சிஸ்டரின் கண் சிரித்தது. அவர் கை எங்கேயும் போகவில்லை. இரண்டு பேரும் வீட்டோடு இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன். அவர் நாகப்பட்டினம் போகாமல் எத்தனை நாள் இருக்க முடியும் என்று கேட்டார். பத்து நாள் மீன் சாப்பிடாவிட்டால் ஊர் செத்துப்போகாது என்றேன்.

நான்காம் நாள் காலையில் நான்தான் போன் செய்தேன். சிஸ்டர் எடுத்தார்.

"பரவால்ல டாக்டரம்மா. சாப்பாடுதான் இறங்கல. ஆனா மல்லாக்கவே படுக்க மாட்டேங்கறாரு. மல்லாந்தா இருமல் பிச்சுக்குது. ரெண்டு நாளா குப்புறக் கவுந்துதான் தூங்கறாரு. வள்ளத்துல கடலுக்குப் போறப்ப அப்படித்தான் படுப்பாராம், அந்தப் பழக்கம் திரும்பிடுச்சுங்கறாரு."

போனைக் காதில் வைத்தபடியே நான் மெஷினைப் பார்த்தேன். அதன் மேல் நான் ஒட்டிய தாள் இருந்தது. முன்னால் நான்கு, விலாப் பக்கம் நான்கு, முதுகில் நான்கு. மூன்று வாரமாக அந்தத் தாளுக்குக் கீழே உட்கார்ந்து நான் ஒருவர் முதுகையும் பார்த்திருக்கவில்லை.

அது இப்படித்தான் நடந்தது. வயிற்றைப் பார்க்கிறவளிடம் வருகிற பெண் மல்லாக்கப் படுப்பாள். மாதம் ஏறிய பெண்ணைக் குப்புறப் போடுவதற்கில்லை. என் கட்டில் சுவரோடு ஒட்டிப் போட்டது, மறுபக்கம் போய் நிற்கக்கூட இடம் கிடையாது. இருபது வருஷமாக என் கைக்கு மனித உடம்பு என்றால் முன்பக்கம்தான். தோழி சொன்ன அன்று, முதுகு வேறெங்கேயோ யாரோ பார்க்கிற இடம் மாதிரி என் காதில் விழுந்திருக்க வேண்டும். முற்றிய நோய் முன்பக்கமும் தெரியும். அப்படிச் சிலரைக் கண்டுபிடித்துவிட்டேன், அந்த மமதையும் சேர்ந்துகொண்டது. ஆனால் இந்த நோய் முதலில் குடிவருவது பெரும்பாலும் முதுகுப் பக்கம், அடியில். அதையும் அவள் சொல்லியிருந்தாள். முதுகு கனத்து மூச்சு முட்டும்போது உடம்பு தானாகக் குப்புறக் கவிழும். பெரிய ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளை அப்படித்தான் படுக்கவைத்தார்கள். மீன்காரரின் உடம்புக்குத் தெரிந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

"உடனே கூட்டிட்டு வாங்க" என்றேன்.

ஆட்டோக்காரர்கள் காய்ச்சல் வீட்டு வாசலுக்கு வரமாட்டேன் என்ற காலம். அரைமணி நேரத்தில் மொபெட் சத்தம் கேட்டது. மீன்காரரே ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் ஐஸ் பெட்டி கட்டுகிற இடத்தில் சிஸ்டர். எனக்கு வந்த கோபத்தில் அவரை அறைந்திருப்பேன். விரலில் மாட்டினால் தொண்ணூறு.

கட்டில் வேண்டாம் என்று ஸ்டூலைப் போட்டு, சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னேன். சிஸ்டர் சட்டையைப் பின்பக்கம் தூக்கிப் பிடித்தார். வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே வைத்தேன். படிக்கட்டைக் காணோம். வெள்ளைக் கீற்றுகள். இன்னும் கீழே இறக்கினேன். கீற்றெல்லாம் சேர்ந்து ஒரே வெள்ளை. மேல்கோடு அங்கங்கே பிய்ந்து, பிய்ந்த இடத்தில் கறுப்புத் திட்டு. இடது பக்கம் போனேன். அங்கேயும் அதுதான்.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. தலையைத் திருப்பியபோது சிஸ்டரின் கை கணவரின் தோளில் இருந்தது. பதினாறு வருஷமாக அடுத்த வீட்டுப் பெண்களின் காலில் போய் உட்கார்ந்த அதே கை. அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் முதுகைப் பாக்கல" என்றேன். "பாத்திருக்கணும். தப்பு என்னோடது."

மீன்காரர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "சீக்கு முதுகுலயா இருக்கு டாக்டரம்மா? நெஞ்சுலன்னுல்ல எல்லாரும் சொல்றாங்க."

சிஸ்டர் முதுகில் இருந்த ஜெல்லைத் துடைத்தார். சட்டையை இறக்கிவிட்டார். முன்னால் வந்து பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். நான் போனில் கத்தி, கெஞ்சி, மாவட்ட ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு ஒரு படுக்கைக்குச் சொல்லிவைத்தேன். ஆம்புலன்ஸ் வந்தது. சிஸ்டரை உடன் ஏற்ற மறுத்தார்கள். கதவு சாத்துகிற வரைக்கும் வாசலில் நின்றிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மத்தவங்களுக்கும் முன்னாடி மட்டுந்தானே பாத்தோம்?" என்றார்.

நான் அதை யோசித்திருக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. அந்த நிமிஷம் வரைக்கும் என் தப்பு ஒரே ஒரு மீன்காரரின் அளவில்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

எல்லோரையும் திரும்ப வரச்சொல்லிக் கூப்பிடுவதற்காக நோட்டுப் பக்கங்களைப் போட்டோ எடுத்துச் சிஸ்டருக்கு அனுப்பினேன். அவர் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது, கணவர் ஆஸ்பத்திரியில். பக்கத்தில் நிற்கக்கூட விடாத ஆஸ்பத்திரி வாசலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இதைச் செய்கிறேன் என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று நான் அழகாக எழுதிக் கொடுத்தேன். மறுபரிசோதனை, முன்னெச்சரிக்கை, அந்த மாதிரி வார்த்தைகள். அவர் அதை வாசிக்கவே இல்லை. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போன் போட்டு, "டாக்டரம்மா முதுகுப் பக்கம் பாக்காம விட்டுட்டாங்க. தப்பா நினைக்காம அப்பாவை ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லுங்க" என்று பச்சையாகச் சொல்லிவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"மறுபரிசோதனைன்னா யாரும் வர மாட்டாங்க டாக்டரம்மா. ஸ்கேன் காசுக்குக் கூப்பிடறாங்கன்னு நினைப்பாங்க. தப்பு நடந்துபோச்சுன்னு சொன்னாத்தான் அலறி அடிச்சிக்கிட்டு வருவாங்க."

வந்தார்கள். ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஆணா பெண்ணா சொல்லமாட்டோம் என்ற பலகையை வாசித்துக்கொண்டு முதுகைக் காட்டினார்கள். ஒருவர் என்னைத் திட்டினார், நான் வாங்கிக்கொண்டேன். பலருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கு இருந்தது. இரண்டு பேரையும் அன்றே அனுப்பினேன், பின்னால் இரண்டு பேரும் குணமாகி நடந்து வீட்டுக்கு வந்தார்கள். ராத்தூக்கத்தைக் கெடுத்த கணக்கு, இன்னும் முதுகைப் பார்க்காதவர்களின் கணக்கு, மெதுவாகக் குறைந்தது.

மூன்றாம் நாள் சிஸ்டர் ஒரு நம்பரை மட்டும் எனக்குத் திருப்பி அனுப்பினார். "இதுக்கு நீங்கதான் பேசணும் டாக்டரம்மா" என்றார். மஸ்கட் நம்பர்.

வாத்தியாரின் மகன் என் குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டார். குரலை உயர்த்தவில்லை. அப்பா போன வாரம் தவறிவிட்டார் என்றார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறார், பேப்பர் போட வந்தவர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஊர்க்காரர்களே எல்லாம் செய்துவிட்டார்கள்.

"நீங்கதானே அன்னைக்கு போன்ல பேசினது?"

"ஆமா தம்பி."

"டிக்கெட் போட்டு வச்சிருந்தேன் டாக்டர். சுத்தமா இருக்குன்னு நீங்க சொன்னதும், சரி, இருக்கிற லீவு பின்னாடி உதவுமேன்னு கேன்சல் பண்ணிட்டேன்."

அவரே தொடர்ந்தார்.

"அப்பா உங்க ஆஸ்பத்திரியைப் பத்திச் சொன்னாரு. எப்ப தலைக்குக் குளிச்சீங்கன்னு கேட்டாங்களாமே. அதைச் சொல்லிச் சொல்லி சிரிச்சாரு. கடைசியா அவர் சிரிச்சு நான் கேட்டது அதுதான்."

அவருடைய அப்பாவின் முதுகை நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். சொல்வதற்கு முன் ஒரு நிமிஷம், சொல்லாமல் விட்டால் என்ன என்று தோன்றியது. அதையும் மறைப்பதற்கில்லை.

"பாத்திருந்தா?" என்றார்.

"நோய் இருந்திருந்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். பிழைச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாது தம்பி. நீங்க வந்திருப்பீங்க. அது தெரியும்."

"சரிங்க டாக்டர்" என்று வைத்துவிட்டார்.

அன்றைக்கு நான் அழுதேன். தலையிலிருந்து கால்வரை மூடிய கொரோனா பாதுகாப்பு உடைக்குள் மூக்கைக்கூடத் துடைக்க முடியாது. அந்த எரிச்சலில் இன்னும் அழுதேன். வெளியே ஒரு பிள்ளைத்தாச்சி காத்திருந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு போய் அவளுக்குப் பார்த்தேன். பேச்சு வரவில்லை. அந்தப் பெண் பயந்துபோய், "என்னாச்சு டாக்டர்?" என்றாள். ஒன்றும் இல்லை, நல்லா இருக்கு என்று சொல்ல வாய் எடுத்து, "நான் பாத்த வரைக்கும் நல்லா இருக்கும்மா" என்றேன். சுத்தமா இருக்கு என்ற வார்த்தை அன்றோடு போயிற்று.

மீன்காரர் பதினேழு நாள் ஆக்சிஜனில் இருந்தார். சிஸ்டர் வேலைக்குத் திரும்பிவிட்டார். தினமும் வந்தார், நோட்டு எழுதினார், ஜெல் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஒருநாள் நானே, "என்னைத் திட்டணும்னா திட்டிடுங்க" என்றேன். "அவரு வரட்டும் டாக்டரம்மா. வராட்டி திட்டறேன்" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு விட முடிந்தது. அந்த வாரமே ஆளை அழைத்து கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டேன். ஒவ்வொரு நோயாளிக்கும் நான் முடித்துக் கையெடுத்ததும் பின்னாலிருந்து சிஸ்டர், "பின்னாடி?" என்று கேட்பார். ஏழு மாதம் ஆன ஒரு பெண்ணுக்கும் கேட்டுவிட்டார். நான் கோபித்துக்கொள்ளவில்லை.

மீன்காரர் வந்தார். பாதி ஆளாக வந்தார். கொஞ்ச நாள் வாசல்வரை நடந்தாலே மூச்சு வாங்கியது. நாகப்பட்டினம் போவது நின்றது. வேறொருவர் கொண்டுவந்து இறக்கும் மீனைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்றார். கூவுவதற்கு மட்டும் நெஞ்சில் காற்று போதவில்லை.

ஐப்பசியில் மறுபடி பார்க்க வரச்சொன்னேன். அன்றைக்குக் காலையிலிருந்து மழை. ஜன்னலுக்கு வெளியே சம்பா நட்ட வயலில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கேட்காமலே ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சிஸ்டர் சட்டையைத் தூக்கிப் பிடித்தார். வலது பக்கம் கீழே வைத்தேன். கோடு ஒட்டிக்கொண்டிருந்தது, மூச்சுக்கு மூச்சு நகர்ந்தது. படிக்கட்டு திரும்பி வந்திருந்தது. அங்கங்கே ஒன்றிரண்டு கீற்று, அது போகாது, இருந்துவிட்டுப் போகட்டும். நம்பமுடியாமல் ஒவ்வொரு இடமாக இரண்டு தடவை பார்த்தேன்.

திரும்பினால் சிஸ்டரின் கை அவர் தோளில் இருந்தது.

"ஐயோ, ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று அவசரமாகப் பேச ஆரம்பித்தேன். "நல்லா இருக்கு, நகருது பாருங்க, இங்க பாருங்க. என்ன மீன் வருது இப்ப? கொடுவா வருதா?"

"மழை ஆரம்பிச்சிடுச்சுல்ல, இனிமே வரும் டாக்டரம்மா" என்றார் மீன்காரர். சிஸ்டர் கையை எடுக்கவில்லை.

அப்போது மீன்காரரின் சட்டைப்பையில் போன் அடித்தது. சிங்கப்பூரிலிருந்து மகள். ஸ்கேன் நேரம் தெரிந்து கூப்பிட்டிருக்கிறாள். மீன்காரர் திரும்பாமலே போனைத் தோளுக்கு மேலே என் பக்கம் நீட்டினார். "நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டரம்மா. நாங்க சொன்னா அது நம்பாது."

ஜெல் பட்ட கையால் வாங்கினேன்.

"நல்லா இருக்காரா டாக்டர்? எனக்கு இப்ப லீவு கிடைச்சிருக்கு. அப்பா நல்லா இருக்காருன்னா இப்ப வீணாக்காம, அடுத்த வருஷம் சேத்து எடுத்துக்கிட்டு நிதானமா வரலாம்னு பாக்கறேன். நீங்க சொல்லுங்க. வரணுமா?"

மழைச் சத்தத்தில் நான் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டியிருந்தது.

"முன்னாடியும் பாத்துட்டேன், பின்னாடியும் பாத்துட்டேன்மா. அப்பா நல்லா இருக்காரு. நல்லா இருக்கும்போதே வந்து பாத்துட்டுப் போ."

அதற்குப் பிறகுதான் சிஸ்டர் கையை எடுத்து, ஜெல்லைத் துடைக்கத் துணியைத் தேடினார்.